எட்டு மாதத்தில் படுத்த பற்றறி: முதலில் மாற்ற வேண்டியது மின்விசிறி

கேள்வி: ஐயா, நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் கச்சான் தோட்டக் காணிக்குள்ளேயே வீடு போட்டு இருக்கிறோம். எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் கறண்ட் வரவில்லை. 100 வாட் சோலார் பனல் ஒன்று, 70 ஆம்பியர் கார் பற்றறி ஒன்று, சின்ன இன்வேட்டர் ஒன்று இருக்கிறது. 9 வாட் பல்ப் இரண்டு மாலையில் ஐந்து மணித்தியாலம் எரியும். கைக்குழந்தைக்காக 50 வாட் மேசை விசிறி இரவு முழுக்க ஓடும். புதிதாக வாங்கிய பற்றறி எட்டே மாதத்தில் படுத்துவிட்டது. இப்போது விளக்கு வைத்து ஒரு மணித்தியாலத்திலேயே இன்வேட்டர் கத்துகிறது. பட்டா லொறியில் வந்த ஒருவர், பத்தாயிரம் ரூபா தந்தால் அசிட் மாற்றி, மருந்து போட்டு, புதுசு மாதிரி ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். அண்ணன் லிதியம் வாங்கச் சொல்கிறார். எதைச் செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, பட்டாக்காரருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். லிதியத்துக்கும் இப்போது அவசரமில்லை. முதலில் அந்த மேசை விசிறியை மாற்றுங்கள். பற்றறியைப் பற்றிக் கேட்டால் இவர் விசிறியைப் பற்றிச் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம், கணக்கைப் பாருங்கள்.

விசிறி 50 வாட், இரவில் ஒன்பது மணித்தியாலம் என்றால் 450. இரண்டு பல்பும் ஐந்து மணித்தியாலத்துக்கு 90. மொத்தம் 540 வாட்-மணி. இன்வேட்டரும் இடையில் தன் பங்கை எடுக்கும், ஆகவே பற்றறியிலிருந்து போவது 600க்கு மேல். வரவு என்ன? 100 வாட் பனல் நல்ல வெயிலில் நாளுக்கு நான்கைந்து மணித்தியாலம்தான் முழுப் பலத்தோடு உழைக்கும். சூடு, தூசி, கம்பி என்று கழிந்ததுபோக 350 வந்தால் பெரிய காரியம். உங்கள் 12 வோல்ட் 70 ஆம்பியர் பற்றறி நிறைந்திருந்தால் கொள்ளுவது 840. நாளுக்கு 250 துண்டு விழுந்தால் மூன்று நான்கு நாளில் அடி தெரிந்துவிடும். வாங்கிய முதல் வாரத்துக்குப் பிறகு அந்தப் பற்றறி ஒரு நாளாவது நிறைந்திருக்காது. விசிறி நடுச்சாமத்தில் நின்று பிள்ளை அழுதிருக்கும், நீங்களும் பனையோலை விசிறியை எடுத்திருப்பீர்கள். எட்டு மாதம் அரைப்பட்டினி கிடந்துதான் அது செத்தது. விற்ற கடையில் பிழை இருக்கலாம், ஆனால் அதற்குக் காரணம் தேட அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

பட்டினி கிடந்தால் பற்றறி ஏன் சாக வேண்டும்? 1800இல் இத்தாலியில் வோல்டா என்பவர் நாகத் தகட்டையும் செம்புத் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையில் உப்புநீரில் நனைத்த துணியை வைத்துத் தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். இரண்டு வேறு பொருட்கள், நடுவில் ஈரம். இன்றைக்கும் எல்லாப் பற்றறிக்கும் அடிப்படை அதுதான். ஆனால் வோல்டாவினுடையதை ஒருமுறை தீர்ந்தால் திரும்ப நிரப்ப முடியாது. நிரப்பக்கூடியதை 1859இல் பிரான்சில் பிளான்டே என்பவர் ஈயத்தாலும் கந்தக அமிலத்தாலும் செய்து காட்டினார். 160 வருடத்துக்கு மேலாகியும் உங்கள் வீட்டில் இருப்பது அதே சாமான்தான், பெட்டிதான் பிளாஸ்ரிக் ஆகியிருக்கிறது.

அதற்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்றுக் கூட. ஒவ்வொரு அறையிலும் மண்ணிறத் தகடும் சாம்பல் நிறத் தகடும் அசிட்டுக்குள் நிற்கும். நீங்கள் கறண்ட் எடுக்கும்போது இரண்டு தகட்டின் மேலும் ஒரு வெள்ளைப் பொருள் படியும், அசிட் தண்ணீராகிக்கொண்டே போகும். சார்ஜ் ஏறும்போது அந்த வெள்ளை கரைந்து திரும்ப அசிட்டாகும். புதிதாகப் படிந்தது சீனி மாதிரி, உடனே கரையும். அப்படியே நாட்கணக்கில் விட்டால் கற்கண்டாக இறுகிவிடும். இறுகிய இடம் பிறகு வேலை செய்யாது. அதனால்தான் இரவு பாவித்த பற்றறி அடுத்த நாளே நிறைய வேண்டும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன்.

கார் பற்றறிக்கு இன்னொரு குறை. எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணும் சில விநாடிக்குப் பெரிய கறண்டைக் கொடுக்க வேண்டும் என்பதால் தகடுகளை மெல்லிதாக, நிறைய வைத்துச் செய்கிறார்கள். இரவு முழுக்க உறிஞ்சினால் அந்த மெல்லிய தகடு உதிரும். சோலாருக்கென்று தடித்த தகட்டில் வருகிற பற்றறிதான் உங்களுக்குச் சரி. அடுத்த முறை வாங்கும்போது அதையே கேளுங்கள்.

இனி அந்தப் பட்டாக்காரர். இவர்களைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் விடமாட்டேன். எங்கள் சனம் ஏன் இவர்களை நம்புகிறது என்று எனக்குத் தெரியும். 1990களில் வன்னிக்குள் மின்சாரமும் இல்லை, ரோர்ச் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட காலம். தீர்ந்த ரோர்ச் பற்றறிக்கு ஆணியால் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விடுவோம். அது கொஞ்ச நேரம் வேலை செய்யும், பொய்யில்லை. உள்ளே இருக்கும் பசை காய்ந்ததால் ஓய்ந்த பற்றறியில் நாகக் கோது இன்னும் மிச்சமிருக்கும். ஈரம் பட்டதும் மறுபடி கொஞ்சம் உழைக்கும். அந்த நாளில் கண்ணால் கண்டது மனதில் நின்றுவிட்டது: எதையாவது ஊற்றினால் பற்றறிக்கு உயிர் வரும்! ஈய பற்றறிக்கு இது துளியும் பொருந்தாது. அது காய்ந்து சாகவில்லை, இறுகிச் செத்தது.

ஆனால் அவர் ஊற்றியதும் மீற்றர் முள் ஏறுமே என்பீர்கள். ஏறத்தான் செய்யும். பற்றறி காட்டும் வோல்ட் அசிட்டின் உறைப்பைப் பொறுத்தது. பழைய அசிட்டைக் கவிழ்த்துவிட்டு உறைப்பான அசிட் விட்டால், செத்த பற்றறியும் உங்கள் முற்றத்தில் வைத்தே 12.8 காட்டும். நீங்கள் காசைக் கொடுப்பீர்கள், பட்டா போய்விடும். உறைப்பு அசிட் மிச்சத் தகட்டையும் அரிக்கும், ஓரிரு மாதத்தில் பழையபடி இருட்டு. "மருந்து" என்று காட்டும் வெள்ளைத் தூள் அநேகமாக எப்சம் உப்பு. கடையில் சில நூறு ரூபாவுக்கு வாங்கலாம், அதுவும் கற்கண்டைக் கரைக்காது. இதைவிட மோசம், இப்படித் தேற்றிய பற்றறிக்குப் புது ஸ்ரிக்கர் ஒட்டி விற்பது. ஸ்ரிக்கரைப் பார்க்காதீர்கள், பெட்டியிலோ முனையிலோ அச்சாகப் பதிந்திருக்கும் திகதிக் குறியைக் காட்டச் சொல்லுங்கள். சுரண்டியிருந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

உண்மையிலேயே தேறக்கூடிய பற்றறி என்று ஒன்று உண்டு. அதை ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டாக்காரரின் பொய் இந்தச் சின்ன உண்மையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பற்றறி வெறுமையாகிக் கன நாள் ஆகவில்லை, ஆறு அறையும் ஒரே அளவில் மெலிந்திருக்கிறது என்றால், வெறும் சார்ஜாலேயே ஓரளவு மீளும். மோட்டார் கராஜ் ஒன்றில் ஹைட்ரோமீற்றர் இருக்கும். அசிட்டின் உறைப்பை அளக்கும், கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை உள்ள சாமான். ஆறு அறையையும் உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லி, ஆறு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். நிறைந்த அறை 1.260 அளவில் காட்டும். ஐந்து அறை 1.200ஐத் தாண்டி, ஒன்று மட்டும் 1.100 என்றால் அந்த அறை போய்விட்டது, பற்றறியும் போய்விட்டது. ஆறும் ஒன்றுபோலத் தாழ்ந்திருந்தால் மூன்று நான்கு ஆம்பியரில், அவசரப்படாமல், ஒன்றரை நாள் இரண்டு நாள் சார்ஜ் போடச் சொல்லுங்கள். "குயிக் சார்ஜ்" வேண்டாம், அது தகட்டை நெளித்துவிடும். சார்ஜைக் கழற்றி ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு, காலையில் 12.6 நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், 12 வோல்ட் 60 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கொழுவி ஐந்து மணித்தியாலம் எரிய விடுங்கள். எரியும்போதே அளந்து, 11.8க்கு மேல் நின்றால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கீழே விழுந்தால் இரும்புக்கடை விலைக்குக் கொடுங்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு சார்ஜ் கூலிதான். அசிட்டை ஒருவரும் தொடத் தேவையில்லை. எட்டு மாதம் பட்டினி கிடந்த உங்கள் பற்றறி தேறும் என்று நான் வாக்குத் தரமாட்டேன், பார்த்துவிட்டுக் கைவிடுங்கள்.

தண்ணீர் குறைந்தால் டிஸ்டில் வோட்டர் மட்டும். கிணற்றுத் தண்ணீர் விட்டிருந்தால் அதுவும் உங்கள் பற்றறியின் சாவில் பங்கெடுத்திருக்கும். உங்கள் கேத்தலுக்குள் படிகிற வெள்ளையைப் பாருங்கள். கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டினாலும் உப்பு போகாது. அசிட் ஒருபோதும் விடாதீர்கள், ஆவியாய்ப் போவது தண்ணீர் மட்டும்தான். பற்றறியைப் படுக்கையறையில் வைக்க வேண்டாம், குப்பி விளக்குப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வருகிற வாயு தீப்பற்றும்.

அண்ணன் சொல்லும் லிதியம் நல்ல சாமான்தான். 1991இல் கமெராவுக்காகச் சந்தைக்கு வந்தது, பிறகு கைத்தொலைபேசி எல்லாவற்றுக்குள்ளும் போய்விட்டது. அதை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது, குட்எனஃபுக்கு அப்போது வயது 97. வீட்டுக்கு ஏற்றது லிதியம் இரும்பு பொஸ்பேற்று என்ற வகை. அது அரைவயிற்றில் கிடந்தாலும் இறுகாது. ஆனால் 350 வருகிற வீட்டில் 600 எடுத்தால் லிதியமும் நடுச்சாமத்தில் நிற்கும். வரவில்லாத உண்டியல் தங்கத்தில் இருந்தென்ன?

அதிலும் ஏமாற்று வந்துவிட்டது. பழைய லப்டொப்பிலிருந்து கழற்றிய, விரல் தடிப்பான கலங்களைக் கட்டிப் பெட்டிக்குள் அடைத்து "100 ஆம்பியர்" என்று எழுதி விற்கிறார்கள். ஒரு கலத்தின் மேல் 9900 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தால் பச்சைப் பொய், அந்த அளவுக் கலத்தில் நல்லது என்றாலே 3500 சொச்சம்தான். உங்களிடம் கச்சான் நிறுக்கும் தராசு இருக்குமே, அதில் வையுங்கள். 12 வோல்ட் 100 ஆம்பியர் லிதியம் இரும்பு பொஸ்பேற்று பத்துக் கிலோ அளவில் நிற்கும், ஈயம் என்றால் 25க்கு மேல். நாலு கிலோப் பெட்டியில் 100 ஆம்பியர் இருக்க வழியில்லை. பனலுக்கும் பற்றறிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கொன்ட்ரோலரில் லிதியத்துக்கென்று தெரிவு இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

இதையெல்லாம் தோட்டக்காரப் பெண் ஒருத்தி தராசு வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுதான் எனக்குக் கோபம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டியபோது நானும் ஒரு பற்றறி வாங்கினேன். உத்தரவாத அட்டையில் திகதியே எழுதவில்லை. நாலாம் மாதம் முறைப்பாட்டோடு ஓர் அலுவலகத்துக்குப் போனால், பற்றுச்சீட்டின் மூலப்பிரதி எங்கே, இது எங்கள் பிரிவு இல்லை, அடுத்த கிழமை வாருங்கள். மூன்று முறை பஸ் ஏறினேன். மீள்குடியேறிய கிராமங்களுக்குத் திட்டங்கள் சோலார் கொடுத்தன, பெயர்ப்பலகை நட்டன, படம் எடுத்தன. தண்ணீர் எப்போது விடுவது, எந்த எண்ணில் நிறுத்துவது என்று அரை மணித்தியாலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பவில்லை. ஆகவே வாங்கும் அன்றைக்கே திகதியும் தொடரிலக்கமும் கடை முத்திரையும் அட்டையில் விழும்வரை கல்லாவை விட்டு நகராதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. 12 வோல்ட்டில் நேரே ஓடும் 15 வாட் டீசீ விசிறி ஒன்று வாங்குங்கள். பல்பையும் 12 வோல்ட்டுக்கு மாற்றி, இன்வேட்டரைக் கழற்றி வையுங்கள். விசிறிக்கு 135, பல்புக்கு 90, மொத்தம் 225. வரவு 350. மாரியில் முகில் மூடிக் குறையும்தான், ஆனால் அப்போது இரவு முழுக்க விசிறி கேட்காது. இன்வேட்டர் கத்துவது பெரும்பாலும் 10.5 வோல்ட் கிட்ட வந்த பிறகுதான், அதுவரை காத்திருந்தால் பற்றறி ஏற்கெனவே வெறுமை. சின்ன மீற்றர் ஒன்று வாங்கி, 12க்கு வந்ததும் நீங்களே நிறுத்துங்கள். கிரவல் வீதித் தூசி பனலில் படியும், கிழமைக்கு ஒருதரம் விடிய வெள்ளன ஈரத்துணியால் துடையுங்கள்.

பழைய பற்றறியைக் கொடுக்கும்போது அசிட்டை முற்றத்தில் கவிழ்க்க விடாதீர்கள், கிணறு இருக்கிறது. ஈயத்தை உருக்கும் இடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம், அந்தப் புகை பிள்ளையின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும்.

பற்றறி தேறினாலும் சரி, புதிதாக வாங்கினாலும் சரி, விசிறி மாற்றி ஒரு கிழமைக்கு, விடியற்காலையில் வெயில் படுமுன் மீற்றர் காட்டும் எண்ணை எழுதி அனுப்புங்கள். 12.3க்கு மேல் நின்றால் வீடு தன் வரவுக்குள் ஓடுகிறது. கீழே நின்றால் பனலின் மேல் எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.