வாசகர் உரிமைக்காக நிற்கும் நூலகருக்கு என்ன ஆபத்து? எப்படித் தற்காத்துக்கொள்வது?

சிறை, வேலையிழப்பு, வாய்ப்பூட்டு. அமெரிக்காவில் மூன்றும் நடந்திருக்கின்றன.

1972இல், வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் மீதான 'ஹாரிஸ்பர்க் எழுவர்' வழக்கில் சாட்சி சொல்ல மறுத்த நூலகர் சோயா ஹார்ன் ஏறக்குறைய 20 நாள் சிறையில் இருந்தார். 1950இல் ஓக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில்லில் ரூத் பிரவுன் 30 ஆண்டுப் பணிக்குப் பின் நீக்கப்பட்டார். சொன்ன காரணம் இடதுசாரி இதழ்கள். நிஜக் காரணம், அவர் இனப்பிரிவினையை எதிர்த்தது. பழிவாங்கல் இப்படி வேறு பெயரில்தான் வரும். எனவே நூல் தேர்வுக் கொள்கையை நிர்வாகக் குழுவின் தீர்மானமாகவே வைத்திருங்கள். அப்போதுதான் பழி ஒருவர் தலையில் மட்டும் விழாது.

வாய்ப்பூட்டுதான் கொடுமையானது. 2005இல் கனெக்டிகட்டின் நூலகக் கூட்டமைப்பு ஒன்றுக்கு, பயனாளர் விவரம் கேட்டு, நீதிபதி ஒப்புதலே இல்லாத 'தேசியப் பாதுகாப்புக் கடிதம்' ஒன்றை எஃப்.பி.ஐ. கொடுத்தது. அது வந்ததை வெளியே சொல்வதே குற்றம். எதிர்த்து வழக்குப் போட்ட நான்கு நூலகர்கள், பிரிட்ஜ்போர்ட்டில் நடந்த தங்கள் வழக்கையே ஹார்ட்ஃபோர்டில் ஓர் அறையிலிருந்து திரையில்தான் பார்த்தார்கள். 2006 மார்ச்சில், இத்தகைய கடிதங்களுக்கான அதிகாரத்தை விரிவாக்கிய பேட்ரியாட் சட்டம் புதுப்பிக்கப்பட்ட பிறகே அவர்களால் பேச முடிந்தது.

ஆகவே, கடிதம் வருவதற்கு முன்பே, யார் எதைப் படித்தார் என்ற பதிவைக் குறைத்துவிட வேண்டும். கோஹா என்ற நூலக மென்பொருளில், புத்தகம் திரும்பிய பிறகும் யார் எடுத்தார் என்பது அட்டவணையில் கிடக்கும். ஒரு போலி உறுப்பினரை உருவாக்கி, அவரது உள் எண்ணை 'அனானிமஸ் பேட்ரன்' (பெயரில்லா வாசகர்) என்ற அமைப்பில் இடுங்கள். பிறகு பழைய இரவல்களைப் பெயர்நீக்கும் நிரலைத் தினமும் இரவில் ஓடவிடுங்கள். அந்த எண்ணை இடாமல் விட்டால், 'வரலாறு வேண்டாம்' என்று தேர்ந்த வாசகரின் புத்தகத்தைத் திரும்பப் பெறும்போது பிழை காட்டும். பலர் கோட்டைவிடுவது வேறிடத்தில்: புள்ளிவிவர அட்டவணையிலும், செயல் பதிவுகளிலும், பழைய காப்புப் பிரதிகளிலும் உறுப்பினர் எண் அப்படியே இருக்கும். அவற்றுக்கும் கால வரம்பு வையுங்கள்.

ஆணை கைக்கு வந்தபின் எதையும் அழிக்காதீர்கள். அது நீதிக்கு இடையூறு செய்த குற்றமாகிவிடும். சப்பீனா (ஆவணம் தரவோ சாட்சி சொல்லவோ கோரும் ஆணை) என்றால் பதில் சொல்ல அவகாசம் உண்டு, நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். தேடுதல் வாரண்ட் அப்படியல்ல, உடனே நிறைவேற்றப்படும். தடுக்காமல், வழக்கறிஞரை அழைத்து, எடுத்துச் செல்வதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி வந்து ஒரு வாசகரைப் பற்றிக் கேட்டால், கவுண்டரில் இருப்பவர் 'ஆம்', 'இல்லை' எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வந்தவரின் பெயர், அடையாள அட்டை எண், நேரம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு இயக்குநரை அழைத்தால் போதும். இந்த நடைமுறையைப் பகுதிநேர ஊழியருக்கும் சொல்லிக்கொடுங்கள். மாலையில் பெரும்பாலும் அவர்தான் தனியாக இருப்பார்.