பஞ்சர் ஒட்டுறது பெரிசில்ல, சக்கரத்தை மாட்டுறதுதான் பெரிசு

மலேசியாவுல, சிலாங்கூர்ல எங்க ஊர். ஊர்ப் பலகையில 2007-லேர்ந்து பெஸ்தாரி ஜெயா. வாயில வர்றது இன்னும் பழைய பேரு பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கே மோட்டார் சைக்கிள் பட்டறை வச்சிருக்கேன். டயர் பத்திக் கேட்டவங்களுக்கு என் பதில்.

அண்ணே, செம்பனை வெட்டுக்கு ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார்ல போறேன். மாசம் ரெண்டு பஞ்சர். டயரை மாத்தணுமா?

முள்ளை எடுத்தியா தம்பி? நிறைய பேர் டியூப்பை மாத்திட்டு முள்ளை டயருக்குள்ளேயே விட்டுர்றாங்க. மட்டை முள் உள்ளே ஒடிஞ்சு நின்னா வெளியே தெரியாது. டயரோட உள்பக்கத்தைத் துணியால சுத்தித் துடை; நூல் எங்கே மாட்டுதோ அங்கே இருக்கு. வெறும் விரலை விட்டுத் தடவாதே, என் விரல் தழும்பே சாட்சி. ஓட்டை ரிம் பக்கம் இருந்தா முள் மேல பழி போடாதே. ஸ்போக் முனையை மூடியிருக்கிற ரிம் டேப் கிழிஞ்சு ஸ்போக் முனை குத்தியிருக்கும்.

டியூப்லெஸ் டயர். கடையில சாச்சிங் (ஓட்டையில சொருகுற புழு மாதிரி ரப்பர் திரி) சொருகிட்டு போதும்னாங்க. நைட் ஷிப்டு முடிஞ்சு தனியா வர்றேன், நம்பலாமா அண்ணே?

வீடு வந்து சேர நம்பலாம் தங்கச்சி. தரையில படுற நடுப்பகுதியில, 6 மில்லிமீட்டருக்குள்ள ஓட்டைன்னா டயரைக் கழட்டி உள்ளேயிருந்து ஒட்டச் சொல்லு. பக்கச் சுவர்ல குத்தியிருந்தா புது டயர்தான், பேச்சே இல்ல.

ஓடும்போதே காத்து இறங்கினா?

திராட்டிலை விடு, ஹேண்டலை நேராப் பிடி, சட்டுனு பிரேக் அடிக்காதே. வேகம் விழுந்ததும் நல்லா இருக்கிற சக்கரத்தோட பிரேக்கை மட்டும் மெதுவாப் பிடிச்சு ஓரங்கட்டு.

பின் சக்கரத்தை நானே வீட்டுல கழட்டி மாட்டலாமா?

கழட்டுறது சுலபம். மாட்டும்போதுதான் வினை. டியூப்புல கொஞ்சம் காத்து விட்டுட்டு உள்ளே வை. காத்தில்லாத டியூப்பை டயர் லீவர் கடிச்சிரும். டயர் ஏற மாட்டேங்குதா, சோப்புத் தண்ணி தடவு. பெட்ரோல் தொடாதே.

டிரம் பிரேக் தட்டு சுத்தாம பிடிச்சிருக்க, பக்கத்துல ஒரு கம்பி, பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம் வரைக்கும் போகும். அதோட நட்டுல, அது கழலாம இருக்க, காலை மடக்கி விடுற ஒரு ஸ்பிலிட் பின். பொடிசா இருக்கும், தரையில விழுந்தா கண்ணுக்கே அகப்படாது. ஒருதரம் அவசரத்துல அதைப் போட மறந்துட்டேன். மறுநாள் அந்த மோட்டார் வேற வேலைக்கு வந்தப்போ நட்டு கடைசி மரையில தொங்கிக்கிட்டிருந்துச்சு. அது கழண்டிருந்தா, பிரேக் மிதிச்ச நொடியில தட்டு சுத்தி, சக்கரம் பூட்டி, ஆள் ரோட்டுல. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. அதனால பழைய பின்னை நிமிர்த்திப் போடாதே, புதுசு போடு. செயினை இறுக்குற இடத்துல இருக்கிற கோடு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கா பாரு. பிரேக்கை நாலு தடவை மிதிச்சுப் பார்த்துட்டு அப்புறம் ஏறு.

20 வெள்ளிக்கு (ரிங்கிட்) பழைய டயர் கிடைக்குதுப்பா, வாங்கலாமா?

பக்கவாட்டுல டாட்னு (DOT) ஆரம்பிக்கிற எழுத்து வரிசையில கடைசி நாலு எண்ணைப் படிங்க ஐயா. 2316-ன்னா 2016-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செஞ்சது. அவ்வளவு பழசு வேண்டாம். எண் தெரியலைன்னா கொண்டாங்க, பார்த்துச் சொல்றேன். மதியம் 1-லேர்ந்து 2 வரைக்கும் மட்டும் கடை சாத்தியிருக்கும்.