இத்தாலியில் கார்: எங்கே எடுப்பது, எங்கே விடுவது?

கேள்வி: அக்டோபரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பத்து நாள் இத்தாலி போகிறோம். ரோமில் இறங்கியதுமே கார் எடுத்து, ஃபுளோரன்ஸ், டஸ்கனி கிராமங்கள் பார்த்து, வெனிஸில் விட்டுவிடலாம் என்று திட்டம். இந்திய லைசென்ஸ் போதுமா? அபராதம் தீட்டிவிடுவார்கள் என்கிறார்களே?

பதில்: லைசென்ஸ் மட்டும் போதாது. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அது ஒரு வருடம் செல்லும். ஓட்டும்போது இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் பத்து நாளுக்கும் கார் எதற்கு? ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். வெனிஸுக்குள் கார் போகவே போகாது. நுழைவாயிலில் நிறுத்தக் காசு கட்டிவிட்டுப் படகு ஏறுவீர்கள். டஸ்கனிக்கு மட்டும் காரை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கார் இல்லாவிட்டால் பாதி ஊரைப் பார்க்க முடியாது.

அபராதப் பயம் நியாயமானதுதான். அதில் வேகத்தைவிட அதிகம் மாட்டிவிடுவது பழைய நகர்ப்பகுதிகள். வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், கூடவே 'இசட்.டி.எல்.' எழுத்துகள்; அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம் என்று பொருள். அதைத் தாண்டினால் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும். மின்பலகையில் 'வார்கோ ஆத்திவோ' என்று எரிந்தால் கேமரா விழித்திருக்கிறது, திரும்பிவிடுங்கள். தெரு மாறி இரண்டு தடவை நுழைந்தால் இரண்டு அபராதம். உங்கள் முகவரியைப் போலீசுக்குத் தந்ததற்கு வாடகை நிறுவனம் தனியாகக் கட்டணம் பிடிக்கும். நோட்டீஸ் வருவதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும். மொபைல் மேப் எல்லா நேரமும் எச்சரிக்காது, கண்ணைத்தான் நம்ப வேண்டும். ஹோட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால், முன்கூட்டியே கேட்டு உங்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அதனால் காரை ஃபுளோரன்ஸ் விமான நிலையத்தில் எடுத்து அங்கேயே விடுவது நல்லது. ஊருக்குள்ளிருந்து டிராமிலேயே போய்விடலாம். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் இப்போதே முன்பதிவு செய்யுங்கள். வலப்பக்கம் ஓட்டப் பழகும்போது வலது கையில் கியர் வேறு எதற்கு? முன்பணம் பிடிக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஒன்றரை மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு அவர்களுக்கேற்ற இருக்கை கட்டாயம்.

ஃபுளோரன்ஸிலிருந்து டஸ்கனியின் இன்னொரு பழைய நகரமான சியெனாவுக்குச் சுங்கம் இல்லாத வேகச்சாலை உண்டு. நீங்கள் அதில் போகாதீர்கள். கிரேவே, காஸ்தெல்லீனா வழியாக வளைந்து போகும் 222-ஆம் எண் சாலைதான் இந்தப் பயணத்தின் உயிர். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அரை நாள் போய்விடும். சியெனாவில் சான்டா கத்தரினா நிறுத்தத்தில் வண்டியை விட்டால், எஸ்கலேட்டரிலேயே மலையேறிப் பேராலயத்துக்குப் பக்கத்தில் வெளியே வரலாம். நிறுத்தும் இடத்தில் நீலக் கோடு என்றால் கட்டணம், வெள்ளை பெரும்பாலும் இலவசம், மஞ்சள் நமக்கில்லை.

சுங்கச் சாலையில் போக நேர்ந்தால் நுழையும்போது சீட்டு, வெளியேறும்போது பணம். மஞ்சள் நிற டெலிபாஸ் வழி நம்மூர் ஃபாஸ்டாக் மாதிரி, கருவி உள்ளவர்களுக்கு மட்டும். தவறிப் புகுந்துவிட்டால் பின்னால் எடுக்காதீர்கள், உதவி பட்டனை அழுத்துங்கள். பிறகு கட்டச் சொல்லி ரசீது வரும். பெட்ரோல் பங்க்கில் 'பென்ஸீனா' என்றால் பெட்ரோல், 'கஸோலியோ' என்றால் டீசல். நீங்களே போட்டுக்கொண்டால் விலை குறைவு.