விலையை உறையில் அச்சிட்டவர்கள்

கேள்வி: நான் பங்க் எனும் கலக ராக் இசைக்காரன். என் அண்ணன் ஹட்டனில் தவணை முறையில் டிவி, பிரிட்ஜ் விற்கும் கடை நடத்துகிறார். மொத்த விலை எவ்வளவு என்றே தெரியாமல் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துச் சனங்கள் கையெழுத்து வைக்கிறார்கள். நுகர்வுச் சமூகத்தை நான் ஏற்பதில்லை என்பதால் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டேன். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம். போகாமல் இருப்பது சரிதானே?
(ஒரு வாசகர், டிக்கோயா)

பதில்: சரியல்ல. உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி, அது தீரும்வரை அவரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்த வரலாறு உள்ள மலையகத்தில், கணக்கு விளங்காத தாளில் இன்றும் கையெழுத்து வாங்கினால் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். நீங்களோ கேட்கவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டீர்கள்.

1970களில் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய பிரிட்டனில் எழுந்த பங்கின் கிழிசல் சட்டையும் ஊக்கும் வெகுவிரைவில் கடைச் சரக்காகிவிட்டன. அதே நாட்டின் 'கிராஸ்' என்ற பங்க் இசைக்குழுவினர் வேறு வழி கண்டார்கள்: தங்கள் இசைத்தட்டின் உறையிலேயே விலையை அச்சிட்டு, அதற்குமேல் கொடுக்க வேண்டாம் என்று வாங்குபவரிடம் நேரடியாகச் சொன்னார்கள். நான் மதிக்கும் எதிர்ப்பு அதுதான்.

இடம் கருதி நான் சுருக்கிய உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில், ஆணி பதித்த ஜாக்கெட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அப்பா இறந்தபின், நீங்கள் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும் என்பதற்காகப் பதினாறு வயதில் அண்ணன் கொழும்புப் புடவைக்கடைக்கு வேலைக்குப் போனது அரை வரியில் முடிந்துவிடுகிறது. அந்த அரை வரியைத் திரும்பப் படியுங்கள்.

இன்னொன்று: நாளெல்லாம் மலையில் நின்று கொழுந்தெடுத்து வரும் ஒருவர் வீட்டுக்கு ஒரு டிவி வேண்டுமென்று ஆசைப்படுவதை நுகர்வு வெறி என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை. முழு விலையை அவரிடம் மறைப்பதே அவருக்கு இழைக்கும் அநீதி.

கல்யாணத்துக்குப் போங்கள். சொந்தபந்தம் கலைந்த பிறகு அண்ணனிடம் கேளுங்கள்: ரொக்க விலை எவ்வளவு, தவணை எல்லாம் சேர்த்தால் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் அபராதம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலும் தமிழில் எழுதித் தருவாரா என்று. மறுத்தால் அப்போது சண்டை போடுங்கள். அந்தச் சண்டைக்கு இந்தப் பக்கத்தில் நான் இடம் தருகிறேன்.