1969-ல் இருந்த கணினியை நம்பி நிலவில் இறங்கியிருக்க முடியுமா?

கேள்வி கேட்டவருக்கு இரண்டு சந்தேகங்கள். இன்றைய கைபேசியின் கால் தூசிக்குப் பெறாத ஒரு கணினியை வைத்துக்கொண்டு அப்பல்லோ எப்படி இறங்கியது என்பது ஒன்று. இறங்கியது உண்மையென்றால் எஞ்சினுக்கு அடியில் பள்ளம் ஏன் விழவில்லை என்பது மற்றொன்று. மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் குட்டிக் கணினிச் சிப்புகளுக்கு, புரோகிராம் எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் முதல் சந்தேகத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கைபேசியோடு ஒப்பிடுவதில்தான் கோளாறே. கைபேசியின் திறனில் பெரும்பகுதி திரையில் படம் காட்டவே செலவாகிறது. எம்.ஐ.டி. ஆய்வகம் வடிவமைத்த அப்பல்லோ கணினிக்கு அப்படிப்பட்ட திரையே கிடையாது. ஒளிரும் எண்கள் சில வரிகள், 19 பட்டன்கள், அவ்வளவுதான். புரோகிராம் இருக்கும் நிரந்தர மெமரி 36,864 சொற்கள், வேலை செய்வதற்கான மெமரி 2,048 சொற்கள், சொல் என்றால் கணினி ஒரே தடவையில் கையாளும் தகவல் துண்டு, ஒவ்வொன்றும் 16 பிட். இன்றைய கணக்கில் 72 கேபியும் (கிலோபைட்) 4 கேபியும். பொறியியல் மாணவர்கள் வாங்கும் அர்டுயினோ ஊனோ போர்டில் இருப்பது 32 கேபியும் 2 கேபியும்தான். அந்தச் சிப்பை வைத்தே நான்கு விசிறி ட்ரோனைச் சாயாமல் பறக்கவிட்டிருக்கிறார்கள். ஒரு பொருளை நிலையாகப் பிடித்துவைக்கும் கணக்கு அளவில் சின்னது, ஆனால் நேரம் தவறாமல் நடக்க வேண்டும். நிலவில் இறங்கிய கலமான லூனார் மாட்யூலில் சமநிலைக் கணக்கு நொடிக்கு 10 முறை ஓடியது. எந்தப் பக்கம் போவது, எஞ்சினை எவ்வளவு திறப்பது என்ற கணக்கு 2 நொடிக்கு ஒரு முறை. நொடிக்குச் சுமார் 40,000 கூட்டல் போடும் இயந்திரத்துக்கு அது மூச்சுத் திணறும் வேலைதான், ஆனாலும் முடிகிற வேலை.

பாரமான கணக்குகளைப் பூமியே சுமந்தது. கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா பக்கத்து ஆன்டெனாக்கள் விண்கலத்தின் தூரத்தையும் வேகத்தையும் அளந்துகொண்டே இருந்தன. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் ஐபிஎம் 360 மாடல் 75 கணினிகள் அதிலிருந்து பாதையைக் கணித்தன, முடிவுகள் ரேடியோ வழியே மேலே போயின.

நிரந்தர மெமரி எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் வால்தமில் ரேத்தியான் தொழிற்சாலைப் பெண்கள் அதைக் கையால் பின்னினார்கள். குட்டிக் காந்த வளையங்கள், அவற்றினூடே மெல்லிய கம்பி. கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் 1, வெளியே சுற்றிப் போனால் 0. எந்தத் துளையில் ஊசியை விட வேண்டும் என்பதைத் துளையிட்ட நாடாவைப் படித்து ஓர் இயந்திரம் காட்டும், ஊசியைக் கோப்பது மனிதக் கை. பின்னி முடித்தபின் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றாலும் எளிதில் நடக்காது. ஆகவே பறப்பதற்குப் பல வாரங்கள் முன்பே புரோகிராமை இறுதி செய்துவிட வேண்டும். கடைசி நாள்வரை திருத்திக்கொண்டே இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒழுக்கத்தின் அருமை தெரியும்.

ஆனால் என்னை முழுசாக நம்பவைத்தது 1202 அலாரம். 1969 ஜூலை 20, தரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உயரம். ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிக்கொண்டிருக்கும்போது கணினி 1202 என்று காட்டுகிறது. வேலைகள் குவிந்துவிட்டன, புதிய வேலைக்கு மெமரியில் இடமில்லை என்று அர்த்தம். காரணம், அந்த நேரத்தில் தேவையே இல்லாத சந்திப்பு ரேடார், அதாவது மேலே சுற்றும் தாய்க்கலத்தைத் தேடிப் பிடிக்கும் ரேடார். அதன் மின்சாரமும் கணினியின் மின்சாரமும் ஒரே அலைவெண், ஆனால் இரண்டின் அலைகளும் ஏறி இறங்கும் நேரம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதனால் அசையாத ஆன்டெனா ஓயாமல் ஆடுவதுபோலக் கணினிக்குத் தோன்றியது. அந்த ஆட்டத்தை எண்ணுவதிலேயே அதன் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் போயிற்று. அதோடு ரேடார் அளந்த உயரத்துக்கும் கணினி கணித்த உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டச் சொல்லி ஆல்ட்ரின் பட்டனை அழுத்தினால் அலாரம் மறுபடியும் வந்தது. அதை அவரே கவனித்துச் சொன்னார். அந்த எண்ணைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக ஹூஸ்டன் பதில் சொன்னது.

இந்த நெருக்கடியிலும் கணினி நின்றுபோகவில்லை. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, எஞ்சின், சமநிலை போன்ற முக்கிய வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அப்படித்தான் அதை எழுதியிருந்தார்கள். எம்.ஐ.டி.யின் ஹால் லேனிங் வகுத்த முன்னுரிமை முறை, மார்கரெட் ஹாமில்டன் தலைமையிலான மென்பொருள் குழுவின் உழைப்பு, இரண்டும் அந்தச் சில நிமிடங்களில் தாங்கிப் பிடித்தன. ஹூஸ்டனில் கணினிப் பொறியாளர் ஜாக் கார்மன் அலாரப் பட்டியலைக் கையால் எழுதி வைத்திருந்தார். அவர் சொன்னதை நம்பி, வழிகாட்டல் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் பேல்ஸ் 'தொடரலாம்' என்றார். நாடகம் போட நினைப்பவன் இப்படியொரு பிழையைக் கற்பனை செய்து, அதற்குப் பொருந்தும் சர்க்யூட் கோளாறையும் சேர்த்து உருவாக்கியிருப்பான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பள்ளம் விஷயத்துக்குக் கணக்கே போதும். தரை தொடும்போது கலத்தின் நிறை ஏறத்தாழ 7 டன். நிலவின் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால் அதைத் தாங்க 1.2 டன் எடைக்குச் சமமான விசை போதும். எஞ்சினின் வாய் 1.5 மீட்டர் அகலம். வகுத்துப் பாருங்கள், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 68 கிராம் வரும். காற்றில்லாத இடத்தில் அந்த வாயுவும் உடனே விரிந்துவிடும். மேல்தூசியைப் பக்கவாட்டில் பெருக்கித் தள்ள அது போதும், கீழே இறுகிக் கிடக்கும் மண்ணைத் தோண்டப் போதாது. எஞ்சினுக்கு அடியில் எடுத்த படங்களில் அந்தப் பெருக்கிய கோடுகள் தெரிகின்றன.

இன்னும் தயக்கம் இருந்தால், அப்பல்லோ 11 இறங்கப் பயன்பட்ட லூமினரி 99 என்ற புரோகிராம் முழுசாக இணையத்தில் கிடைக்கிறது. இறங்கும் சமன்பாடுகள் உள்ள பகுதியில், 'தற்காலிக ஏற்பாடுதான் என்று நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன்' என்ற பொருளில் ஒருவர் குறிப்பு எழுதியிருப்பார், பாருங்கள். அதை ஓட்டிப் பார்க்க, அந்தப் பழைய கணினிபோலவே நடந்துகொள்ளும் இலவச எமுலேட்டர் மென்பொருளும் உண்டு. சி மொழி தெரிந்தவர்கள் அசெம்பிளிக் கட்டளைகள் பற்றிய விளக்கத்தை முதலில் படித்துவிட்டு, வேலைகளை வரிசைப்படுத்தும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். 1202 எங்கே பிறக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.