கரண்ட் போனால் கணக்கு எங்கே போகும்?

மல்லாவியில் அரிசி ஆலை வைத்திருக்கும் வாசகர்: பில் போடுற புரோகிராம் இழுபடுது என்று சொல்ல, செட் பண்ணித் தந்த தம்பி டேட்டாபேஸைத் தூக்கி டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (tmpfs, லினக்ஸில் டிஸ்க்குக்குப் பதிலாக ராமைப் பாவிக்கும் கோப்பு முறைமை) வைத்துவிட்டார். இப்ப பறக்குது. கரண்ட் போனால்?

எல்லாம் போகும், ஐயா. டிஎம்பிஎஃப்எஸ்ஸில் உள்ளது ராமிலும் ஸ்வொப்பிலும் (ராம் போதாதபோது டிஸ்க்கில் பாவிக்கும் இடம்) மட்டுந்தான் இருக்கும். ஸ்வொப்பில் துண்டுகள் மிஞ்சினாலும், எது எந்தக் கோப்புக்குரியது என்ற விவரம் ராமோடு அழிந்துவிடும். பத்து நிமிடத்துக்கொருக்கால் டிஸ்க்குக்குக் கொப்பி எடுக்கலாம் என்று தம்பி சொல்லக்கூடும். அறுவடை நேரம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் எத்தனை லாண்ட்மாஸ்டர் உங்கள் தராசடிக்கு வரும்? அதைவிட, எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பைக் கொப்பி பண்ணினால் பாதி பழசும் பாதி புதுசுமாக வரலாம். எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். டேட்டாபேஸ் எஸ்கியூலைட் (SQLite) என்றால் டபிள்யூஏஎல் (WAL, மாற்றத்தை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும்) முறையைப் போட்டு, சிங்க்ரோனஸ் என்ற தெரிவை ஃபுல்லில், அதாவது ஒவ்வொரு பதிவும் டிஸ்க்கில் சேரும்வரை காத்திருக்கும்படி, விடச் சொல்லுங்கள்.

பரந்தன்: யூபிஎஸ் வாங்கினால் போதாதா?

கரண்ட் வெட்டுக்குப் போதும். கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) விழுந்தால் யூபிஎஸ் பார்த்துக்கொண்டுதான் நிற்கும்.

ஒட்டுசுட்டான்: லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) கோப்பு முறைமையில் ஜேர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) இருக்கிறதே. பிறகேன் ஒரு கோப்பு பூச்சிய பைட்டாகக் கிடந்தது?

வழமையான அமைப்பில் ஜேர்னலுக்குள் போவது மெட்டாடேட்டா (கோப்பின் பெயர், அளவு, இடம் போன்ற விவரம்) மட்டும். அது காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை. நீங்கள் கடைசியாக எழுதியதை அல்ல. புரோகிராம் எழுதுபவர் புதுப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் (fsync, எழுதியதை டிஸ்க்கில் சேர்க்கச் சொல்லும் கட்டளை) செய்து, பிறகு பழைய பெயருக்கு ரீநேம் செய்து, கடைசியில் அடைவுக்கும் எஃப்சிங்க் செய்யவேண்டும். இடையில் எது நடந்தாலும் பழையதோ புதியதோ, ஒன்று முழுதாக மிஞ்சும்.

அறிவியல்நகர் மாணவி: நிலைத்த மெமரியில் கோப்பு முறைமை செய்வது என் இறுதியாண்டுப் புரொஜெக்ட். கரண்ட் போனாலும் அழியாத மெமரியில் மீட்பு ஏன் கஷ்டம்?

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், தங்கச்சி. மெமரி அழியாது, சிபியூவின் கேஷ் (எழுதியது மெமரிக்குப் போகமுன் தங்கும் சிறு நினைவகம்) அழியும். அதிலிருந்து 64 பைட் வரிகள் எந்த ஒழுங்கில் வெளியே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. ஐநோடை (ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) முதலும் அடைவில் பெயரைப் பிறகும் எழுதினீர்கள் என்று வைப்போம். பெயர் முந்திப் போய்ச் சேர்ந்து கரண்ட் நின்றால், அந்தப் பெயர் குப்பையைக் காட்டும். அதனால் ஐநோடை சிஎல்டபிள்யூபி (CLWB, கேஷ் வரியை மெமரிக்கு எழுதச் சொல்லும் சிபியூ கட்டளை) கொண்டு வெளியே தள்ளி, எஸ்ஃபென்ஸ் (SFENCE, முந்தியவை முடியும்வரை பிந்தியவற்றை நிறுத்தும் கட்டளை) போட்ட பிறகே பெயரைத் தொடவேண்டும். ஒரே வீச்சில் முழுமையாக மாறும் என்று நம்பக்கூடியது 8 பைட் மட்டுமே.

2016இல் வந்த நோவா (NOVA) என்ற நிலைத்த மெமரிக் கோப்பு முறைமை இதை அழகாகப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு ஐநோடுக்கும் தனி லொக் (log, மாற்றங்களை வரிசையாகச் சேர்க்கும் பதிவேடு). பதிவை லொக்கில் சேர்த்துவிட்டு, லொக் எதுவரை செல்லும் என்று காட்டும் வால் சுட்டியின் 8 பைட்டை மாற்றும். வாலுக்கு அப்பால் கிடப்பது மீட்பில் கணக்கில் வராது. ரீநேம் போலப் பல ஐநோடுகளைத் தொடும் வேலைகளுக்குத்தான் சின்ன ஜேர்னல்.

இன்டெல் 2022இல் ஒப்டேன் (Optane) என்ற தன் நிலைத்த மெமரியைக் கைவிட்டதால் வன்பொருளைத் தேடி அலையவேண்டாம். கேர்னலின் மெம்மேப் (memmap) தெரிவால் சாதாரண ராமில் ஒரு பகுதியை பிமெம் (pmem, நிலைத்த மெமரி) என்று காட்டலாம். ஆனால் அதில் பிளக்கைப் பிடுங்கிச் சோதிப்பதில் பலனில்லை, எல்லாமே போய்விடும். எழுதல்களையும் ஃபிளஷ்களையும் (கேஷிலிருந்து வெளியே தள்ளல்கள்) பதிவு செய்து, ஃபென்ஸ்களுக்கிடையில் சிலது போய்ச் சேராத நிலைகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் கோப்பு முறைமை மவுண்ட் ஆகிறதா (பாவனைக்குத் திறபடுகிறதா), உள்ளடக்கம் சரியா என்று பாருங்கள்.