வாசகர் கேள்வி பதில்: ஆக்ட்டா, ஜி.ஓ.வா, தீர்ப்பா... எதுங்க சட்டம்?

கேள்வி: எங்க நிலத்தைப் பத்தி கேட்டா ஒருத்தர் ஜென்மம் ஆக்ட்ங்கறார், ஒருத்தர் ஜி.ஓ. (அரசாணை)ங்கறார், வக்கீல் சுப்ரீம் கோர்ட் ரூலிங்ங்கறார். சட்டம்னா சட்டசபைல போடறதுதானே? - கூடலூர் வாசகர், நீலகிரி

பதில்: மூணுமே சட்டம்தாங்க, ஆனா மூணும் ஒரே மட்டத்துல இல்ல. மேல அரசியல் சாசனம், அதுக்குக் கீழ ஆக்ட், ஆக்ட் கொடுத்த அதிகாரத்துல வர்ற ரூல்ஸ், ஜி.ஓ. எல்லாம் அதுக்கும் கீழ. தீர்ப்பு எங்கன்னா, இது எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்ற இடத்துல. இங்கிலாந்துல இருந்து வந்த காமன் லா முறைல ஜட்ஜ் ஒரு கேஸை எந்தக் காரணத்தை வச்சு முடிச்சாரோ அந்தக் காரணம் அடுத்த கேஸுக்கும் சட்டம், நம்ம சாசனத்துலயே ஆர்ட்டிகிள் 141 சுப்ரீம் கோர்ட் சொல்றது நாட்டுல எல்லா கோர்ட்டையும் கட்டுப்படுத்தும்னு எழுதி வச்சிருக்கு.

இதுக்கு உங்க ஊரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. 1969ல சட்டசபை கூடலூர் ஜென்மம் நிலங்களை, அதாவது ஜென்மிங்கற பரம்பரை நிலக்கிழார் கையில இருந்த நிலங்களை, ரயத்துவாரியா (நிலம் வச்சிருக்கறவர் நேரா அரசுக்கு வரி கட்டற முறை) மாத்த ஆக்ட் போட்டுச்சு. 1972ல சுப்ரீம் கோர்ட், காட்டை எடுக்கறது நிலச் சீர்திருத்தம் ஆகாதுன்னு அந்தப் பகுதியை மட்டும் செல்லாதுன்னுச்சு. உடனே 1974ல பார்லிமென்ட் சாசனத்தையே திருத்தி, கோர்ட் தொட முடியாத ஒன்பதாவது அட்டவணைல அந்த ஆக்ட்டைக் கொண்டுபோய் வச்சுது. அந்தச் சண்டை 2007 ஜனவரி 11 அன்னிக்கு ஒன்பது ஜட்ஜ் பெஞ்ச் வரைக்கும் போய், 1973 ஏப்ரல் 24க்கு (அடிப்படைக் கட்டமைப்பை பார்லிமென்ட்டாலயும் மாத்த முடியாதுன்னு கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த நாள்) அப்புறம் அந்த அட்டவணைல எதை வச்சாலும் சாசனத்தோட அடிப்படைக் கட்டமைப்பை உடைச்சா நாங்க பார்ப்போம்னு தீர்ப்பு வந்துச்சு. கோயல்ஹோ கேஸ்னு லா காலேஜ்ல இன்னிக்கும் பசங்க படிக்கறது உங்க ஊரு மண்ணோட கதைங்க! காடுன்னா என்னன்னு 1980 வனப் பாதுகாப்பு ஆக்ட்ல விளக்கம் இல்லாம இருந்தப்போ, யார் பேர்ல இருந்தாலும் அகராதில காடுன்னா என்னவோ அதுதான் காடுன்னு 1996 டிசம்பர் 12ல சொன்ன கோதவர்மன் கேஸும் கூடலூர்ப் பக்கத்து மரம் வெட்டுனதுல ஆரம்பிச்சதுதான்.

இவ்வளவுக்கும் நடுவுல அந்த ஜென்மம் ஆக்ட்டோட செக்‌ஷன் 17 (குத்தகைத் தோட்டங்களைப் பத்தின பிரிவு) நிலம்னு சொல்லி பட்டாவும் கரண்டும் கிடைக்காம இருக்கறவங்களை நினைச்சா மனசு கனக்குது. யாராவது "ரூலிங் இருக்கு"ன்னா எந்த வருஷம், எந்த கோர்ட், எத்தனை ஜட்ஜ்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க, ஏன்னா பெரிய பெஞ்ச் சொன்னதை சின்ன பெஞ்ச் மாத்த முடியாது.

கேள்வி: இ-பாஸ் எந்த ஆக்ட்ல இருக்கு? - டாக்ஸி டிரைவர், ஊட்டி

பதில்: மலைக்கு வர்ற வண்டிங்க ஆன்லைன்ல வாங்கற இந்த இ-பாஸுக்குன்னு தனியா ஒரு ஆக்ட் கிடையாதுங்க. சாசனத்தோட ஆர்ட்டிகிள் 226 கொடுத்த அதிகாரத்துல மெட்ராஸ் ஹைகோர்ட் போட்ட உத்தரவு அது, 2024 மே 7ல இருந்து அமல். 2025 சீசன்ல நீலகிரிக்கு சாதா நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 8,000னு கணக்கு வந்ததும் கோர்ட் சொல்லித்தான். ஆனா இது நீலகிரி, கொடைக்கானலுக்குன்னு போட்ட உத்தரவு, இதைக் காட்டி வேற மலைல யாரும் வண்டியை நிறுத்த முடியாது.

கேள்வி: அப்பா சொத்துல பொண்ணுக்குப் பங்கில்லைங்கறது எங்க ஹட்டி (படுகர் ஊர்) வழக்கம்னு பெரியவங்க சொல்றாங்க. வழக்கமும் சட்டம்தானாமே? - கோத்தகிரி வாசகி

பதில்: வழக்கமும் சட்டம்தான்மா, அதை மறுக்கல. தெளிவா நிரூபிச்ச வழக்கம் எழுதின சாஸ்திரத்தையும் மிஞ்சும்னு 1868லயே ராமநாதபுரம் கேஸ்ல, அப்போ நமக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமா லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கு. ஆனா 1956 இந்து வாரிசுரிமை ஆக்ட் செக்‌ஷன் 4, அந்த ஆக்ட் பேசற விஷயத்துல பழைய வழக்கம் செல்லாதுன்னு எழுதிடுச்சு, ஆக்ட் வந்துட்டா வழக்கம் வழி விடணும். தோடர், கோத்தர் மாதிரி பட்டியல் பழங்குடிகளுக்கு இந்த ஆக்ட் நேரா பொருந்தாது, படுகர் அந்தப் பட்டியல்ல இல்ல. 2005 திருத்தம் பூர்வீக சொத்துல பொண்ணுக்குப் பையனோட சம பங்கு கொடுத்துச்சு, திருத்தம் வந்த அன்னிக்கு அப்பா உயிரோட இல்லாட்டியும் பங்கு உண்டுன்னு 2020 ஆகஸ்ட் 11ல சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாக்கிடுச்சு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே முறையா பாகம் பிரிஞ்சிருந்தா மட்டும் அதைக் கிளற முடியாது, அதனால முதல்ல வில்லங்கச் சான்று போட்டு பாகப்பத்திரம் ஏதாவது இருக்கான்னு பாருங்க. வக்கீல் ஃபீஸ் பத்தி பயம் வேண்டாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, ஊட்டில மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல ஒரு மனு எழுதிக் கொடுங்க.